கெடு தேதியைக் கேட்டு வாங்குங்கள்: கணினி, இணையம் குறித்த வாசகர் கேள்விகள்

தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கணினி, கைப்பேசி, இணைய இணைப்பு ஆகியவற்றை வாங்குவது பற்றியும், வாங்கி ஏமாந்தவர்கள் என்ன செய்யலாம் என்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வருகிறேன். இம்முறை எடுத்துக்கொண்ட ஐந்து கேள்விகளிலும் ஏதோ ஒரு கெடு ஒளிந்திருக்கிறது. விற்றவர் அதை வாய்திறந்து சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. பணம் போனது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 2016-இல் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வருகிறது. ரிச்சி தெருவில் விசாரித்தபோது, "இனி இதில் எதுவும் ஓடாது, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்கள். கட்டுரை தட்டச்சு செய்வதும், மின்னஞ்சல் பார்ப்பதும், ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. நாற்பதாயிரம் ரூபாய் செலவழித்தே ஆக வேண்டுமா? (பெரம்பூர் வாசகி)

அவசரப்பட வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது முழு உண்மை ஆகாது. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தருவதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடாது. நேற்று தட்டச்சு செய்த கட்டுரையை நாளையும் தட்டச்சு செய்யலாம். அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்பதுதான் பொருள். கதை கட்டுரை மட்டும் எழுதும் கணினியில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் மாதம் செல்லச் செல்ல ஆபத்து கூடும்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்று தோன்றும். அது குறைந்தது 8-ஆம் தலைமுறை இன்டெல் செயலியையும் (பிராசசர்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. 2016-இல் விற்ற மடிக்கணினிகளில் 8-ஆம் தலைமுறைச் செயலி கிடையாது. சில கடைகளில் அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும்படி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு மேம்படுத்தல்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. ஓய்வூதியக் கணக்கு பார்க்கும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் உங்களிடம் சொல்லாமல் விட்ட வழி ஒன்று உண்டு. வீட்டில் பயன்படுத்தும் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்களை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாப்ட்டே அறிவித்திருக்கிறது. உங்கள் கணினியில் 22எச்2 என்ற பதிப்பு இருக்க வேண்டும். அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இது தற்காலிக ஏற்பாடுதான் என்றாலும், மற்றவர் அவசரப்படுத்தாமல் நீங்களே யோசித்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும்.

அதன் பிறகு என்ன செய்வது என்றால், உங்களுடைய மூன்று வேலைகளுக்கும், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் தாராளமாகப் போதும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். பாஸை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். இன்று புதிதாகப் பழகுபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை எளிதாக இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. தட்டச்சுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கணினி மெதுவாக இருக்கிறது என்ற குறையும் இருந்தால், உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தச் சொல்லுங்கள், ரேமையும் 8 ஜிபி ஆக்கச் சொல்லுங்கள். புதுக் கணினியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். எதைச் செய்வதற்கு முன்னும் கட்டுரைகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முப்பது ஆண்டு எழுத்தைக் கடைக்காரரின் மேசையில் தொலைத்துவிட்டுக் கலங்கி நின்றவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

யோசித்த பிறகு புதிதே வாங்குவதென்று முடிவானால், பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கண்டும் தயங்க வேண்டாம். பில்லில் கால வரம்பு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே சட்டத்தின் கீழ் முறையற்ற செயல்தான். அந்த முப்பது நாளில் கணினியை அட்டைப்பெட்டியிலேயே வைத்திருக்காமல், தினமும் பயன்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். 200 மெகாபிட் இணைய இணைப்புக்குப் பணம் கட்டுகிறோம். கம்பி வழியாகச் சோதித்தால் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை, படுக்கையறையில் கைப்பேசியில் 30 வருகிறது. மின்வெட்டின்போது, எங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் போய்விடுகிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். கட்டலாமா? (ஐடி ஊழியர், வீட்டிலிருந்து பணி)

கட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அந்த 94-ஐப் பார்ப்போம். கம்பி வழியாகச் சோதிக்கும்போது வேகம் எப்போதும் 94, 95-இல் வந்து முட்டி நிற்கிறது என்றால், பாதையில் எங்கோ 100 மெகாபிட் வரம்புள்ள ஒரு கருவி இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மலிவான ரவுட்டரின் பின்புறத் துளைகள் அந்த வரம்பு கொண்டவையாக இருக்கலாம். அல்லது லேன் கம்பியின் உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் நான்கை மட்டும் இணைத்து முனை அடித்திருக்கலாம், ஓர் இழை அறுந்திருக்கவும் வாய்ப்புண்டு. எட்டு இழையும் சரியாக இருந்து, இரு பக்கமும் கிகாபிட் துளைகள் இருந்தால்தான் நூறைத் தாண்டும். 200-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 100-க்கு மேல் கடத்த முடியாத கருவியை வீட்டில் பொருத்துவது சேவைக் குறைபாடு. அந்தச் சொல்லையே பயன்படுத்திப் புகார் எழுதுங்கள்.

படுக்கையறை விஷயம் வேறு. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் நம் ஊர்க் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். வாசல் பக்கத்து ஷூ ரேக்கின் மேல் ரவுட்டரை வைத்துவிட்டுப் போவது பொருத்த வருபவருக்கு வசதி, உங்களுக்கு அதனால் பயனில்லை. வீட்டின் நடுவில் உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கும்போது கம்பி வழிச் சோதனையின் படங்களை மட்டும் இணையுங்கள். வைஃபை எண்ணைக் காட்டினால் சுவரின் மீது பழி போட்டுத் தப்பிவிடுவார்கள். மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் என்பதையும் நினைவில் வையுங்கள்: முழு 200 கிடைத்தால் விநாடிக்கு 25 மெகாபைட், அதாவது ஒரு ஜிபி கோப்பு இறங்க 40 விநாடி ஆகும்.

மின்வெட்டுக்கு வருவோம். ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகள் பலவற்றில் ஃபைபர் மொட்டைமாடி வரைதான் வருகிறது. அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டியை வைத்து, அதிலிருந்து லேன் கம்பியை வீட்டுக்குள் இறக்குகிறார்கள். மின்சாரம் நின்றதும் மாடியில் உள்ள பெட்டி அணைந்துவிடும், உங்கள் இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லை. அந்தப் பெட்டியைப் பொது ஜெனரேட்டர் வரிசையில் சேர்க்கும்படி குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வரும் இணைப்புக்கு மாறுங்கள். அதில் நடுவழியில் பிரிக்கும் சாதனத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

புகாரை எழுத்தில் பதிவது எவ்வளவு முக்கியம் என்பதை நான் என் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் எங்கள் தெருவும் மூழ்கியது. மின்சாரம் திரும்பிய பிறகும் இணையம் பதினோரு நாள் வரவில்லை, மாதக் கட்டணமோ முழுதாக வந்தது. முதல் நாளே புகார் பதிந்து எண்ணைக் குறித்து வைத்திருந்ததால், அந்த எண்ணையும் தேதிகளையும் எழுதிக் கேட்டதும் எனக்குப் பதினோரு நாள் கட்டணத்தைக் கழித்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்தான். தொலைபேசியில் பலமுறை சண்டை போட்டார், புகார் எண் வாங்கவில்லை, அவருக்கு ஒரு ரூபாயும் கழியவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தில் தீராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்புப் புகாருடன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று சில நிறுவனங்கள் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் வழக்கில் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இப்போது அந்த இரண்டு இலவச மாதங்கள். ஓர் ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுவேன் என்று சொல்லும் பலம் உங்களிடமிருந்து போய்விடும். 94-இல் முட்டி நிற்கும் இணைப்புக்கு அந்தப் பலம்தான் மருந்து. மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், ஒரு மழையும் ஒரு நீண்ட மின்வெட்டும் கடந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகனின் படிப்புக்காக ஒரு செயலியை ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் சோதனை என்று எடுத்தோம். பிடிக்காததால் மூன்றாம் நாளே நீக்கிவிட்டோம். நான்கு மாதமாக 499 ரூபாய் கழிந்து வந்ததை இப்போதுதான் கவனித்தேன். (மடிப்பாக்கம்)

கைப்பேசியிலிருந்து செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. அந்த ஒரு ரூபாய் கொடுத்த நேரத்தில் நீங்கள் மாதாமாதம் பணம் தானாகக் கழிய விடும் ஓர் ஆட்டோபே அனுமதிக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அது வங்கியில் உயிரோடு இருக்கிறது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். சந்தாவையும் அந்த நிறுவனத்தின் தளத்தில் தனியாக ரத்து செய்து, இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் திரும்பத் திரும்பக் கழியும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால் 499 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடுகிறது. பழைய குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். முன்தகவல் வரவே இல்லை என்றால் வங்கியிடமும் கேள்வி கேட்கலாம்.

சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு பக்கம் என்று அமைப்பது தற்செயலாக நடப்பதில்லை. என் துறையைச் சேர்ந்தவர்கள்தான் கூட்டம் போட்டு யோசித்து அப்படிச் செய்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். அப்படி ஒரு பக்கத்தை வடிவமைக்கச் சொன்னால் மறுக்கும் துணிவு எங்களுக்கு வர வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்கின்றன, சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. அந்த நெறிமுறைகளைச் சுட்டி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். இனி எந்தச் சோதனைச் சந்தா எடுத்தாலும், எடுத்த அன்றே அனுமதியை ரத்து செய்யலாமா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் மீதி நாட்களுக்குச் சேவை தொடரும்.

கேள்வி: பர்மா பஜாரில் பழைய கைப்பேசி வாங்கலாமா? (கல்லூரி மாணவர், ராயபுரம்)

பில்லும் பார்த்து, திருட்டுப் பொருள் இல்லை என்றும் உறுதியானால் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் *#06# என்று தட்டினால் அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், அல்லது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். தடை செய்யப்பட்டது என்று வந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்பவரின் கூகுள் கணக்கைக் கைப்பேசியிலிருந்து உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்து அதன் கெடு. பாதுகாப்பு மேம்படுத்தல் எத்தனை ஆண்டு என்பதை அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணக் கூடாது. 2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று அந்நிறுவனங்கள் அறிவித்தன. எல்லா மாடலுக்கும் அப்படி இல்லை. ஓராண்டு மிச்சமுள்ள கைப்பேசிக்கு ஓராண்டு விலைதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று வந்த கோப்பைத் தொட்டு நிறுவிவிட்டார். அன்றிரவே கணக்கிலிருந்து மூன்று தவணையாக 86,000 ரூபாய் போய்விட்டது. யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை என்கிறார். மறுநாள் காலையில் வங்கிக் கிளைக்குப் போனோம், "நீங்களே நிறுவியது, நாங்கள் பொறுப்பில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். (அம்பத்தூர்)

அப்பாவைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அந்தக் கோப்பு ஏபிகே வகையைச் சேர்ந்த ஒரு செயலி. நிறுவும்போது குறுஞ்செய்தி படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓடிபியைத் தானே எடுத்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். அவர் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இதைப் படிக்கும்வரை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிந்து ஒப்புகை எண் வாங்குங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்பட்டால்தான் மீட்க வழி, அதனால் இதில் மணிக்கணக்கே பெரிது.

வங்கி வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு கிடையாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி கருதினால், தகவல் சொல்லும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது, அதன் பிறகு ஏற்படுவது வங்கியுடையது. ஆனால் கவனக்குறைவு என்பதை நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில்தான் இருக்கிறது, இதைக் கிளையில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். செயலியை அவரே நிறுவினார் என்று வங்கி கட்டாயம் வாதாடும். முழுத் தொகையும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கேட்காமல் விட்டால் எதுவும் திரும்பாது என்பதால் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம், விளக்கம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

கைப்பேசியை இணையத்திலிருந்து துண்டித்து, முழுதாக அழித்து, புதிதாக அமைத்த பிறகே வங்கிச் செயலியை ஏற்றுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அமைப்புகளில் அணைத்து வையுங்கள். இன்று வங்கி மூடும் முன், நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையெழுத்துடன் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.